திரானாவுக்கு நிறம் வந்த கதை

2000 அக்டோபரில் அல்பேனியாவின் தலைநகரான திரானாவில் மேயர் தேர்தல் நடந்தது. களத்தில் முக்கியமானவர்கள் இரண்டு பேர். ஒருவர் பெஸ்னிக் முஸ்தஃபாய், எழுத்தாளர். இன்னொருவர் எடி ராமா, ஓவியர். அரசியல்வாதிகளுக்கு அவ்வளவு பஞ்சமா என்று கேட்கத் தோன்றும். கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்து பத்து வருடம்கூட முடியாத நாடு அது. அதற்குள் அரசியல்வாதி என்றாலே ஜனங்களுக்குக் கசந்துவிட்டது. ஓவியர் 57 சதவீத ஓட்டு வாங்கி ஜெயித்தார். எழுத்தாளர் ஜெயித்திருந்தால் ஊருக்கு என்ன செய்திருப்பார் என்று எழுதிப் பிழைக்கிற எனக்கு ஒரு சின்ன ஆவல் உண்டு. ஓவியர் செய்தது ஊரறிந்த விஷயம். நகரத்தை எடுத்துக் கட்டுகிறேன் என்று வந்தவர், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடித்தார்.

கேட்டால் சிரிப்பு வரும். மந்திரி வருகிறார் என்றால் நடைபாதை விளிம்புக்குக் கறுப்பு வெள்ளை அடிப்பது எந்த மாநகராட்சிக்கும் தெரிந்த வித்தைதானே. திரானாவிலும் பலர் அப்படித்தான் சிரித்தார்கள். குழாயில் சில மணி நேரமே தண்ணீர் வருகிறது, மின்சாரம் நினைத்த நேரத்தில் போகிறது, தெருவெல்லாம் குழியும் சேறுமாகக் கிடக்கிறது, இந்த லட்சணத்தில் ஆரஞ்சும் ஊதாவும் எதற்கு? நியாயமான கேள்வி. அந்தச் சுவர்கள் அப்படி ஆன கதை தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

இத்தாலிக்கு எதிர்க்கரையில், கிரேக்கத்துக்கு வடக்கே இருக்கிற சின்ன நாடு அல்பேனியா. அன்னை தெரசா பிறந்தது ஸ்கோப்யேயில் என்றாலும் இனத்தால் அல்பேனியர். திரானா விமான நிலையத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 1944 முதல் 1985-இல் சாகும்வரை நாட்டை ஆண்டவர் என்வர் ஹோஜா. முதலில் யுகோஸ்லாவியாவோடு சண்டை, பிறகு சோவியத் ரஷ்யாவோடு, கடைசியில் சீனாவோடு. எல்லோரோடும் முறித்துக்கொண்டு நாட்டை உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டார். 1967-இல் மதங்களைத் தடைசெய்தார். சொந்தக் கார் வைத்துக்கொள்ள முடியாது. நினைத்தபோது மூட்டை கட்டிக்கொண்டு தலைநகருக்குக் குடிபோகவும் முடியாது. அதற்கும் அனுமதி வேண்டும். நகரத்தின் நடுவிலேயே ‘ப்ளோக்கு’ என்று ஒரு பகுதி, கட்சித் தலைவர்கள் குடியிருக்க. சாதாரண மனிதன் அதற்குள் கால் வைக்க முடியாது.

மற்றவர்களுக்கு அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஐந்து மாடி, ஆறு மாடிக் குடியிருப்புகள். எல்லாம் ஒரே அச்சு. செங்கலும் சிமென்ட்டும் அப்படியே தெரிய நின்ற கட்டடங்கள் ஏராளம்.

1991 பிப்ரவரியில் திரானாவின் நடுச்சதுக்கத்தில் நின்ற ஹோஜா சிலையை ஜனங்கள் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தார்கள். ஆட்சி சரிந்தது. அடுத்த ஒன்றிரண்டு வருடங்களில், குடியிருந்தவர்களுக்கே அந்த வீடுகளை அரசாங்கம் சொற்பக் காசுக்கு எழுதிக்கொடுத்துவிட்டது. இதை நல்ல காரியம் என்றுதான் எவரும் சொல்வார்கள். ஆனால் எழுதிக்கொடுத்தது கதவுக்கு உள்ளே இருப்பதை மட்டும். மாடிப்படி யாருடையது, கூரை யாருடையது, வெளிச்சுவர் யாருடையது? யாருக்கும் தெரியாது. வீட்டுக்குள் தரையைக் கண்ணாடிபோலத் துடைத்துவைத்த அதே குடும்பம், வாசற்படியைத் தாண்டியதும் குப்பையைத் தூக்கி எறிந்தது. நாற்பத்தைந்து வருடம் ‘பொது’ என்ற பெயரில் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டவர்கள் போனபிறகு, பொதுவாக மிச்சமிருப்பதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. பால்கனியைச் செங்கல் வைத்து அடைத்து அறையாக்கினார்கள். தரைத்தள வீட்டுக்காரர் சுவரை இடித்துக் கடை போட்டார். அவருக்கு மேல் வீட்டுக்காரர், கடையின் கூரையைத் தன் திண்ணையாக்கிக்கொண்டார்.

அனுமதி வாங்கும் முறையும் ஒழிந்ததால் நாட்டுப்புறத்திலிருந்து ஜனங்கள் தலைநகருக்கு வந்து குவிந்தார்கள். பத்தே வருடத்தில் ஊர் மளமளவென்று பெருத்தது. இருந்த பூங்காக்களில் பெட்டிக்கடைகள் முளைத்தன. பெட்டிக்கடை காபிக்கடையானது, காபிக்கடை மாடி வைத்த ஓட்டலானது. ஊருக்கு நடுவே லானா என்ற சிற்றாறு ஓடுகிறது. அதன் இரு கரையிலும் ஆக்கிரமிப்புக் கட்டடங்கள் நெருக்கியடித்து நின்றதில், ஆறு ஒன்று இருப்பதே பார்வைக்குப் படாமல் போனது.

இதற்கு நடுவில் 1997. கொள்ளை வட்டி தருகிறோம் என்று பணம் பிடித்த கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தன. நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஜனங்கள் அவற்றில் பணம் போட்டிருந்தார்கள். வீட்டை விற்று, ஆட்டு மந்தையை விற்றுப் போட்டவர்களும் உண்டு. ஆயுதக் கிடங்குகள் சூறையாடப்பட்டன. ஏறக்குறைய 2,000 பேர் செத்தார்கள். கட்சிக்காரன், கம்பெனிக்காரன், போலீஸ்காரன் யாரையும் நம்புவதற்கில்லை என்று ஜனங்கள் முடிவுகட்டிய வருடம் அது. மேயர் தேர்தல் நடந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து.

எடி ராமாவின் தகப்பனார் கிறிஸ்தாக் ராமா சிற்பி. சாதாரணச் சிற்பி இல்லை, அரசாங்கத்தின் சிற்பி. திரானாவுக்கு வெளியே தியாகிகள் மயானத்தில் நிற்கிற பிரம்மாண்டமான ‘அல்பேனியத் தாய்’ சிலையைச் செய்த மூவரில் ஒருவர். மகன் நெட்டையான ஆள், கூடைப்பந்து ஆட்டக்காரர். கலைக் கல்லூரியில் ஓவியம் கற்றுக்கொடுத்தவர். ஆட்சி மாறிய பிறகு புதிய ஆட்சியாளர்களையும் விடாமல் விமர்சித்தார். 1997 ஜனவரியில் அவர் வீட்டருகே அடையாளம் தெரியாத ஆட்கள் அவரை ரத்தம் வரும்வரை அடித்துப்போட்டார்கள். பாரிஸுக்குப் போய்விட்டார். ஓவியராகவே காலத்தைத் தள்ளிவிடலாம் என்ற எண்ணம். 1998-இல் தகப்பனாரின் சாவுக்கு ஊர் வந்தவரைப் பிரதமர் ஃபாத்தோஸ் நானோ பிடித்துக்கொண்டார். கலாசார அமைச்சர் பதவியைக் கொடுத்தார். சாவுக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. இரண்டு வருடத்தில் மேயர்.

மேயர் நாற்காலியில் உட்கார்ந்தபோது கஜானாவில் சொல்லும்படி எதுவும் இல்லை. தெரு போட, குழாய் பதிக்க, விளக்கு வைக்க எல்லாவற்றுக்கும் பெரும்பணம் வேண்டும். பணம் வந்தாலும் வேலை முடிய வருடங்களாகும். அதுவரை ஊர் பொறுக்குமா? அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. ஆக்கிரமிப்பை இடிக்க வேண்டும், வரி வசூலிக்க வேண்டும். இரண்டுமே ஜனங்களுக்கு ஆகாத காரியம். மாநகராட்சி என்று ஒன்று இருப்பதை, புல்டோசரையும் ரசீதுப் புத்தகத்தையும் தவிர வேறு ஏதாவது ஒன்றால் காட்டியாக வேண்டியிருந்தது. சீக்கிரமாக, மலிவாக, ஊரில் கண்ணுள்ளவர் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. அப்படி அவருக்குத் தெரிந்திருந்த ஒரே சாமான் பெயின்ட்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் கட்டடச் சீரமைப்பு வேலை ஒன்று நடந்துகொண்டிருந்தது. அந்த வேலைக்கு நிறம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ராமா தானே எடுத்துக்கொண்டார். எந்தச் சுவருக்கு எந்த நிறம் என்று வரைந்துகொடுத்தார். முதல் கட்டடத்தின் சாம்பல் சுவரில் பளீரென்ற ஆரஞ்சு ஏறியது. அந்த நாளைப் பற்றி அவர் பிற்பாடு சொன்னது: தெருவில் போக்குவரத்து நின்றுவிட்டது, ஏதோ பெரிய விபத்து நடந்ததுபோல ஜனம் கூடிவிட்டது.

ஓடிவந்தவர்களில் நிதிக்குப் பொறுப்பான பிரெஞ்சு அதிகாரியும் உண்டு. வேலையை நிறுத்தச் சொன்னார், இல்லையென்றால் பணத்தை நிறுத்துவேன் என்றார். என்ன காரணம் என்று கேட்டால், இந்த நிறங்கள் ஐரோப்பியத் தரத்துக்கு ஒத்துவரவில்லையாம். சுற்றிக் கிடக்கிற எதுவுமே ஐரோப்பியத் தரத்தில் இல்லையே, அதை நாங்கள் விரும்பி வைத்துக்கொள்ளவில்லை, நிறத்தையாவது நாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்கிறோம் என்றார் ராமா. தடுத்தால் இந்தத் தெருவிலேயே பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடுவேன், நீங்கள் பழைய சோஷலிச யதார்த்தவாதத் தணிக்கைக்காரர் மாதிரியே இருக்கிறீர்கள் என்று ஊருக்குச் சொல்வேன் என்றும் மிரட்டினார். அதிகாரி இறங்கிவந்து, சற்று விட்டுக்கொடுத்துப் பொதுவாக ஒரு முடிவுக்கு வரலாமே என்றார். நிறங்களில் விட்டுக்கொடுத்தால் மிஞ்சுவது சாம்பல் நிறம்தான், அது எங்களிடம் ஆயுசுக்கும் போதுமான அளவு இருக்கிறது என்று ராமா மறுத்துவிட்டார்.

கதை நன்றாக இருக்கிறது. இவ்வளவு நன்றாக இருக்கிற கதையைக் கொஞ்சம் தட்டிப்பார்த்துத்தான் வாங்க வேண்டும். இதைச் சொன்னது ராமாவேதான். கிரேக்கத்தின் தெசலோனிக்கி நகரில் 2012-இல் பேசிய ஒரு மேடைப் பேச்சில் சொன்னார். அப்போது மேயர் பதவி போய், எதிர்க்கட்சித் தலைவராக இருந்து, அடுத்த வருடப் பொதுத்தேர்தலுக்குக் கச்சை கட்டிக்கொண்டிருந்தார். பிரெஞ்சு அதிகாரியின் பக்கத்துக் கதை அதில் வராது. நகரமெங்கும் 5,000-க்கும் மேற்பட்ட ஆக்கிரமிப்புக் கட்டடங்களை இடித்தோம், ஆற்றங்கரையிலிருந்து மட்டும் 1,23,000 டன் கான்கிரீட்டை அள்ளினோம், 55,000 மரமும் செடியும் நட்டோம் என்கிற கணக்கும் அவர் வாய்க்கணக்குத்தான். ஆனால் ஒன்று. லானாவின் கரைகள் வெளியே வந்ததும், ரீனியா பூங்காவிலிருந்த கடைகள் போய்ப் புல் முளைத்ததும் ஊரே பார்த்தது. வண்ணத்தின் பிறந்த கதையில் பாதி, இடித்த கதை. ராமாவைக் கொண்டாடுகிறவர்கள் பெயின்ட் டப்பாவைப் பற்றிப் பேசுகிற அளவுக்குப் புல்டோசரைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கென்னவோ இரண்டையும் பிரிக்க முடியாது என்றுதான் படுகிறது. வெறும் பெயின்ட் என்றால் ஊர் சிரித்துவிட்டு மறந்திருக்கும். வெறும் இடிப்பு என்றால் அடுத்த தேர்தலோடு ஆள் காலி.

நிறம் பூசுவதிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. அந்த முகப்புகள் ஒழுங்கான சுவர்கள் இல்லை. ஒரு மாடியில் பால்கனி திறந்திருக்கும், அதற்கு மேல் மாடியில் செங்கல் வைத்து அடைத்திருக்கும், பக்கத்தில் கண்ணாடி போட்டிருக்கும். ஒரே நிறத்தை மேலிருந்து கீழே அடித்தால் அத்தனை கோணலும் துருத்திக்கொண்டு தெரியும். எனவே பட்டைகள், கட்டங்கள், முக்கோணங்கள். ஒருவர் வீட்டுச் சுவரில் தொடங்குகிற மஞ்சள் பட்டை அடுத்தவர் வீட்டுச் சுவரில் போய் முடிந்தது. என் வீடு, உன் வீடு என்று தனித்தனியாகப் பிதுங்கி நின்றவற்றின் மேல் சேர்த்து வரைந்த ஒரே படம். உள்ளே குடியிருப்பவரை யாரும் கேட்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காலையில் வேலைக்குப் போனவர் சாயங்காலம் திரும்பியபோது வீடு ஊதாவாகியிருந்தால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

ஊர் இரண்டு பட்டது. காபிக் கடைகளில் இதே பேச்சு. அல்பேனியர்களுக்குக் காபிக் கடை இல்லாமல் பொழுது விடியாது, அடங்காது. எனவே பேச்சுக்குக் குறைவில்லை. கோமாளித்தனம் என்றார்கள் சிலர். பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்றார்கள் சிலர். அந்த நாட்களில் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பைப் பற்றியும் ராமா சொல்லியிருக்கிறார். கேள்விகள் இரண்டு. வண்ணம் அடிப்பது பிடித்திருக்கிறதா? 63 சதவீதம் பேர் பிடித்திருக்கிறது என்றார்கள், 37 சதவீதம் பேர் பிடிக்கவில்லை என்றார்கள். அடுத்த கேள்வி: நிறுத்திவிடலாமா, தொடரலாமா? பிடிக்கவில்லை என்றவர்களிலேயே பாதிப்பேர் தொடரட்டும் என்றார்கள்.

இந்தக் கதையில் என்னை நிறுத்திய இடம் இதுதான். பிடிக்காத காரியம் நடக்கட்டும் என்று ஒருவர் ஏன் சொல்கிறார்? நிறம் அழகு என்பதற்காக இல்லை, அதுதான் பிடிக்கவில்லையே. பத்து வருடமாக அந்த ஊரில் நடந்த எல்லாமே தனித்தனி ஆட்கள் தங்களுக்காகச் செய்துகொண்டது. முதல்முறையாக எல்லோருக்கும் பொதுவாக ஒன்று நடக்கிறது. அதைத் திட்டலாம், அதன்மேல் கருத்துச் சொல்லலாம், என் தெருவுக்கு எப்போது வரும் என்று கேட்கலாம். ஹோஜா காலத்தில் சண்டைபோட அனுமதி இல்லை. அதற்குப் பிறகு சண்டைபோடுவதற்குப் பொதுவாக ஒரு பொருள் இல்லை. பச்சையா ஆரஞ்சா என்று ஒரு நகரமே வாக்குவாதம் செய்ததைத்தான் ராமாவின் பெரிய சாதனையாக நான் நினைக்கிறேன். சுவர் அதற்கு ஒரு சாக்கு.

இன்னொரு சம்பவமும் அதே பேச்சில் வரும். வண்ணம் அடித்து முடித்த தெருவில் ஒரு கடைக்காரர் இரும்பு ஷட்டரைக் கழற்றிக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தார். ஏன் என்று மேயர் கேட்டார். தெரு இப்போது பத்திரமாக இருக்கிறது என்றார் கடைக்காரர். போலீஸை அதிகம் போட்டிருக்கிறார்களா? போலீஸாவது ஒன்றாவது, நிறம் வந்திருக்கிறது, விளக்கு எரிகிறது, நடைபாதையில் குழி இல்லை, மரம் நட்டிருக்கிறார்கள், அழகாக இருக்கிறது, அதனால் பத்திரமாக இருக்கிறது என்று பதில் வந்ததாம். விளக்கும் நடைபாதையும் இந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். பெயின்ட் அடித்ததும் திருடன் திருந்திவிட்டான் என்று கதையைச் சுருக்கிச் சொல்கிறவர்கள் அந்த இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். ஜனங்களுக்கு ஆகாத காரியமாக இருந்த வரி வசூலும் நடந்தது. கடைகளிடமிருந்து பசுமை வரி என்று ஒன்று வசூலாகத் தொடங்கியது.

ராமாவின் வாய்மொழியை நம்பாதவர்கள் பார்ப்பதற்கு ஒரு குறும்படம் இருக்கிறது. அன்ரி சாலா என்ற அல்பேனியக் கலைஞர், ராமாவின் நண்பர், 2003-இல் எடுத்த ‘தம்மி இ கொலோரி’. பதினைந்து நிமிடம். இரவில் ஒரு கார் நகர வீதிகளில் ஊர்ந்துபோகிறது. உள்ளே உட்கார்ந்து மேயர் பேசிக்கொண்டே வருகிறார். விளக்கு வெளிச்சத்தில் மஞ்சளும் சிவப்பும் நீலமுமாகச் சுவர்கள் நகர்கின்றன. அவற்றின் காலடியில் தோண்டிப்போட்ட மண், சேறு, இடிபாடு. நண்பர் எடுத்த படம்தான். ஆனாலும் அவர் சேற்றை மறைக்கவில்லை. சிரித்தவர்கள் கேட்ட கேள்வியும் ராமா சொன்ன பதிலும் ஒரே சட்டகத்துக்குள் இருப்பதால் எனக்கு அந்தப் படத்தின்மேல் மரியாதை.

அதே வருடம் திரானாவில் நடந்த சர்வதேசக் கலைக் காட்சிக்கு ஒலாஃபுர் எலியாசன் போன்ற பெரிய பெயர்களை அழைத்து, முகப்புகளுக்கு வடிவம் கேட்டு வாங்கினார்கள். 2004-இல் உலகின் சிறந்த மேயர் என்ற விருது ராமாவுக்குக் கிடைத்தது. அந்த விருதே அந்த வருடம்தான் தொடங்கியது. வெளிநாட்டுப் பத்திரிகைகளில் அவர் படம் வராத மாதம் இல்லை என்கிற அளவுக்குப் புகழ். 2003-இலும் 2007-இலும் மறுபடி மேயரானார்.

புகழ் ஏறிய அதே வருடங்களில் நகரத்தில் வேறொன்றும் ஏறிக்கொண்டிருந்தது. கட்சித் தலைவர்களின் தோட்ட வீடுகள் இருந்த ப்ளோக்குவில் இப்போது மதுக்கடைகளும் காபிக் கடைகளும். அவற்றுக்கு மேலே எட்டு மாடி, பத்து மாடித் தனியார் குடியிருப்புகள். பெட்டிக்கடையை இடித்த மாநகராட்சிதான் அந்த மாடிகளுக்கு அனுமதிச் சீட்டும் கொடுத்தது. சின்ன ஆக்கிரமிப்பாளனை விரட்டிவிட்டுப் பெரிய கட்டுமானக்காரனுக்கு வழிவிட்டார் என்று எதிர்க்கட்சி சொன்னது. எதிர்க்கட்சி மட்டும் சொல்லவில்லை, கட்டடக்கலைஞர்களும் சொன்னார்கள். பெயின்ட்டுக்கும் வெயில் மழைக்கும் நடக்கிற போட்டியில் யார் ஜெயிப்பார் என்பது தெரிந்ததே. சில வருடங்களில் முதல் சுற்று நிறங்கள் வெளுக்கத் தொடங்கின.

2011 மேயர் தேர்தலில் ராமா தோற்றார். எண்ணி முடித்தபோது அவர்தான் பத்து ஓட்டில் முன்னால் நின்றார். பிறகு வேறு பெட்டிகளில் தவறிப் போட்ட ஓட்டுகளையும் எண்ண வேண்டும் என்று சண்டை வந்து, அவற்றையும் எண்ணியதில் எதிர்த்து நின்ற லுல்ஸிம் பாஷா நூறுக்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்ததாக அறிவித்தார்கள். இரண்டு வருடம் கழித்து ராமா பிரதமர். 2025 தேர்தலிலும் ஜெயித்துத் தொடர்ந்து நான்காவது முறையாக அதே நாற்காலியில் இருக்கிறார். அலுவலகத்தில் பேசிக்கொண்டே கையிலிருக்கிற காகிதத்தில் வண்ணப் பேனாவால் கிறுக்குவது வழக்கம். அந்தக் கிறுக்கல்களே வெளிநாட்டுக் கலைக்கூடங்களில் காட்சிக்குப் போயிருக்கின்றன.

ஹோஜா சிலை நின்ற ஸ்காந்தர்பேக் சதுக்கத்தை 2017-இல் கார்கள் இல்லாத பொட்டலாக்கினார்கள். பாஷாவுக்கு அடுத்து மேயரான, ராமாவின் கட்சிக்காரர் எரியோன் வெலியாய் காலத்து வேலை அது. அல்பேனியாவின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் கொண்டுவந்த கற்களைப் பாவியிருக்கிறார்கள். 2018-இல் பொதுவெளிக்கான ஐரோப்பியப் பரிசும் அதற்குக் கிடைத்தது. சாயங்காலம் குடும்பத்தோடு நடக்கிறார்கள், பிள்ளைகள் சைக்கிள் விடுகிறார்கள். நல்ல வேலை.

ஆனால் அந்தச் சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே இத்தாலியர்கள் கட்டிய தேசிய நாடக அரங்கு ஒன்று இருந்தது. அதை இடித்துவிட்டுப் புதிய அரங்கம் கட்டுவது என்று ராமாவின் அரசாங்கமும் மாநகராட்சியும் முடிவெடுத்தன. அதற்காகவே 2018-இல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். நிலத்தில் ஒரு பகுதி தனியார் கோபுரங்களுக்குப் போகும் என்பது திட்டம். நடிகர்களும் ஊர்க்காரர்களும் இரண்டு வருடத்துக்கும் மேலாக அரங்கின் வாசலில் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சிலர் உள்ளேயே படுத்து உறங்கிக் காவல் காத்தார்கள். 2020 மே 17 விடிகாலை, கொரோனா ஊரடங்கு முழுதாக விலகாத நேரத்தில், போலீஸ் வந்து அவர்களை வெளியேற்றியது. பொழுது நன்றாக விடிவதற்குள் அரங்கு தரைமட்டம். கலைஞன் ஒருவன் ஆளுகிற நாட்டில் இப்படியா என்று கேட்டவர்களுக்கு, பழைய கட்டடம் ஆபத்தான நிலையில் இருந்தது என்று பதில் வந்தது. மேயரான புதிதில் சுவரின் நிறத்தைப் பற்றி ஊரையே வாக்குவாதம் செய்யவைத்து, எதிர்த்தவர்களின் கருத்தையும் எண்ணிப் பார்த்துப் பெருமைப்பட்ட மனிதருக்கு, இருபது வருடத்தில் அந்த வாக்குவாதம் அலுத்துப்போயிருக்க வேண்டும்.